இரண்டாவது சால்வை

அன்பு மகளுக்கு,

திண்டிவனத்தில் உங்கள் குழுவின் கச்சேரிக்கு வந்திருந்தேன். அந்த கிதார் பெரியவரைப் பார்க்கத்தான், வேறொன்றும் இல்லை. எழுபது வயதில் என்ன வாசிப்பு! மனம் தாங்காமல் பாட்டின் நடுவிலேயே மேடையேறி அவருக்குச் சால்வை போர்த்திவிட்டேன். அது கம்பியில் சிக்கி கிதார் நின்றேபோனது. அவர் அதை எடுக்கும்வரை நீ டிரம்ஸில் வெளுத்து வாங்கினாயே, கூட்டமே எழுந்து ஆடியது!

"இன்னாமா அடிக்குது! யாருங்க அந்தப் பொண்ணு?" என்றார் பக்கத்து நாற்காலிக்காரர்.

நீ டிரம்ஸ்தான் வேண்டும் என்று வீட்டைவிட்டுப் போன மூன்று வருடமாக என் வாயில் வராததைச் சொல்லிவிட்டேன். "எம் பொண்ணுதாங்க."

நான் வாங்கியது இரண்டு சால்வை. ஒன்று பையிலேயே இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை விழுப்புரம் வீட்டுக்கு வா. வாசிக்காத நேரமாகப் பார்த்துப் போர்த்துகிறேன்.

அப்பா