என் சுவரை இடிக்க எனக்கே உத்தரவிடக் கோரி

அனுப்புநர்:
உரிமையாளர், தட்டச்சு மற்றும் நகல் கடை,
எண் 17, மேற்குப் பாகம், நூலகத் தெரு.

பெறுநர்:
நகரமைப்பு அலுவலர் அவர்கள்,
நகராட்சி அலுவலகம்.

பொருள்: பொது வழி ஆக்கிரமிப்பு – என் தங்கை மீது நான் கொடுத்த புகார் – அளந்ததில் ஆக்கிரமிப்பு என்னுடையது எனத் தெரிந்தது – மூடிய கோப்பை மீண்டும் திறந்து என் மீது நடவடிக்கை எடுக்கக் கோருவது தொடர்பாக.

பார்வை: (1) எனது புகார் மனு, நாள் ஜனவரி 8. (2) தங்கள் அளவையாளரின் அறிக்கை, நாள் பிப்ரவரி 3. (3) என் தங்கை கொடுத்த ஆட்சேபணையின்மைக் கடிதம், நாள் பிப்ரவரி 6.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எங்கள் அப்பா காலமான பின் அவருடைய மனையை நானும் என் தங்கையும் பதிவு செய்த பாகப்பிரிவினைப் பத்திரத்தின் மூலம் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டோம். மேற்கு எனக்கு, கிழக்கு அவளுக்கு. நடுவில் ஏழடி அகலத்தில் பொது வழி. இருவரும் நடக்கலாம், இருவரில் எவரும் அதில் எதையும் கட்டக் கூடாது என்பது பத்திரத்தின் நான்காம் பக்கம். அந்தப் பக்கத்தைத் தட்டச்சு செய்தவளே நான்தான்.

2. பத்திரம், வாடகை ஒப்பந்தம், மனு ஆகியவற்றைத் தட்டச்சு செய்து கொடுப்பது என் தொழில். தங்கை பேக்கரி வைத்திருக்கிறாள். என்னிடம் வருகிறவர்கள் வழக்கோடு வருகிறார்கள்; அவளிடம் வருகிறவர்கள் பிறந்தநாளோடு வருகிறார்கள். காலை ஏழு மணிக்கே பொது வழியில் அவளுக்காக வரிசை நிற்கும். அதை விலக்கிக்கொண்டு என் கடைக்கு வந்து சேர்பவர்களில் பாதிப் பேர் கையில் பன் இருக்கும். வெண்ணெய்ப் பிசுக்கு என் முத்திரைத்தாளில் ஒட்டும். என் கணவரும் வீட்டுத் தேநீரை விட்டுவிட்டு அங்கே போய்க் குடிக்கிறார். கேட்டால், "அங்க நாலு பேரோட பேசிக்கிட்டுக் குடிக்கலாம்" என்கிறார். எங்கள் அம்மா இங்கே ஆறு மாதம், அங்கே ஆறு மாதம் என்பதுதான் ஏற்பாடு. மூன்று ஆண்டுகளுக்கு முன் முறைப்படி அங்கே போனவர் முறை முடிந்தும் திரும்பவில்லை. ஆள் அனுப்பிக் கேட்டேன். "அங்க படி ஏற முடியல" என்று சொல்லி அனுப்பினார். என் வீட்டு வாசலில் இருப்பது இரண்டே படி, ஐயா.

3. இவையெல்லாம் தங்கள் அலுவலகத்தின் அதிகார வரம்புக்குள் வராது என்பதை அறிவேன். ஆயினும் முதல் மனுவில் இவற்றை மறைத்ததால்தான் அது பொய் மனு ஆயிற்று. தங்கையின் அடுப்பறைச் சுவர் பொது வழிக்குள் நீண்டிருக்கிறது, உடனே இடிக்க வேண்டும் என்று மட்டும் அதில் எழுதினேன். என் கண்ணுக்கு அது நீண்டுதான் தெரிந்தது. ஊரார் நியாயத்தையெல்லாம் நாள் முழுக்கத் தட்டச்சு செய்கிறவளுக்குத் தன் வயிற்றெரிச்சலை நியாயம் போலத் தட்டச்சு செய்யவா தெரியாது?

4. பிப்ரவரி 3 அன்று தங்கள் அளவையாளர் பத்திர நகலோடும் நாடாவோடும் வந்தார். வரிசையில் நின்ற அத்தனை பேரும் வேடிக்கை பார்த்தார்கள். தங்கையின் சுவர் ஒரு விரற்கடைகூடத் தாண்டாமல் எல்லையிலேயே இருந்தது. ஆனால் வழியின் அகலமோ ஐந்தரை அடிதான். நாடாவை மறுபடியும் இழுத்துப் பார்த்துவிட்டு அவர், "அம்மா, ஒன்றரை அடி உங்க பக்கந்தான் வெளிய வந்திருக்கு" என்றார். என் மானத்தை நினைத்து மெதுவாகத்தான் சொன்னார். வரிசையின் கடைசி ஆள் வரை கேட்டது.

5. அதிர்ச்சி அடைந்தவளைப் போல நின்றேன். அது நடிப்பு. பதினோரு ஆண்டுகளுக்கு முன் என் கடையைக் கட்டும்போது கொத்தனார் நூல் பிடித்துவிட்டு, "அக்கா, கொஞ்சம் வழிக்குள்ள போகுதே, பரவால்லையா?" என்று கேட்டார். "தங்கச்சிதானே, அவளுக்கு இதெல்லாம் எங்க தெரியப்போகுது" என்றேன். அப்போது அவளுக்குக் கடை கிடையாது. இடுப்பில் ஒரு குழந்தையும் கையில் ஒரு குழந்தையுமாக அந்த வழியில் போய் வந்துகொண்டிருந்தாள். ஒருநாளும் ஒன்றும் கேட்டதில்லை.

6. என் மீது நோட்டீஸ் தயாராகும் முன்பே தங்கை தங்களிடம் வந்து கடிதம் கொடுத்துவிட்டாள். தாங்கள் என்னை அழைத்து அதை வாசித்துக் காட்டினீர்கள்: "அக்கா கட்டிய அன்றே எனக்குத் தெரியும். எனக்கு இடைஞ்சல் இல்லை. சுவர் இருந்துவிட்டுப் போகட்டும்." பிறகு, "நல்ல தங்கச்சிம்மா உங்களுக்கு" என்று சொல்லிக் கோப்பை மூடினீர்கள். சிறு வயதிலிருந்தே ஆசிரியர்கள், சொந்தக்காரர்கள், என் மாமியார் உட்படப் பலரும் என்னிடம் சொன்ன வார்த்தைதான் அது. அரசு மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்து கேட்டது இதுவே முதல்முறை.

7. மேற்படி கடிதம் செல்லாது என்பதற்கான காரணங்கள்: பதிவு செய்த பத்திரத்தில் உள்ள உரிமையை மூன்று வரிக் கடிதத்தால் மாற்ற முடியாது. அது வெறும் அனுமதி. நாளை அவளோ அவள் பிள்ளைகளோ திரும்பப் பெற்றுக்கொள்ளலாம், அப்போது என் பிள்ளைகள் நீதிமன்றப் படி ஏற வேண்டியிருக்கும். அத்துடன், அடுப்பு எரியும் இடத்தில் ஆபத்து என்றால் அத்தனை கூட்டமும் ஓட ஏழடி வேண்டும், ஐந்தரை போதாது.

8. இவை சட்டப்படி சரியான காரணங்கள். என் காரணம் வேறு. என் கணினி மேசை சரியாக அந்த ஒன்றரை அடியில்தான் கிடக்கிறது. தினமும் அவள் தயவின் மேல் உட்கார்ந்து வேலை செய்கிறேன். கூட்டம் அவளுக்கு, கும்பிடு அவளுக்கு, அம்மாவும் அவளுக்கு. பெருந்தன்மையும் முழுக்க அவளுக்கேவா? அதில் எனக்குப் பாதிப் பாகம் வேண்டும்.

9. கடந்த வெள்ளிக்கிழமை, மூன்று ஆண்டுகளுக்குப் பின் தங்கை வீட்டுக்குப் போய், இடிக்கப்போவதாகச் சொன்னேன். கையெல்லாம் மாவோடு நின்றவள், "எதுக்குக்கா இந்த வீம்பு? உன் கடைதானே சின்னதாப் போகும்" என்றாள். உள்ளே கட்டிலில் இருந்த அம்மா, "விடுடி. அவ இடிக்கிறேன்னா இடிப்பா. சொன்னதச் செய்யறவ" என்றார். எனக்கு நினைவு தெரிந்து அம்மா என் பக்கமாகப் பேசிய ஒரே பேச்சு அதுதான். ஆகவே, ஐயா, இனி நான் இடிக்காமல் இருக்க முடியாது.

10. கூரையின் உத்திரம் அந்தச் சுவரின் மேல்தான் நிற்கிறது. தங்கள் பொறியாளர் வந்து பார்த்து, முட்டுக் கொடுத்து இடிக்க வழி சொல்ல வேண்டும். கோப்பை மீண்டும் திறந்து, தங்கையின் கடிதத்தை ஏற்காமல், முப்பது நாள் கெடுவுடன் எனக்கு நோட்டீஸ் அனுப்ப வேண்டுகிறேன். ஜனவரி 8 மனு உண்மைக்கு மாறானது என்று கோப்பில் எழுதும்போது, அதை மனுதாரரே முன்வந்து ஒப்புக்கொண்டார் என்றும் ஒரு வரி சேர்க்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். இறுதி ஆணையின் நகலைத் தங்கைக்கு அனுப்ப வேண்டாம். அம்மாவுக்கு அனுப்பினால் போதும். முகவரி ஒன்றுதான், உறையின் மேல் அம்மாவின் பெயரை மட்டும் எழுதவும்.

ஆணைக்குக் காத்திருக்கும்,
(கையொப்பம்)
மேற்குப் பாக உரிமையாளர்

இடம்: நூலகத் தெரு
நாள்: பிப்ரவரி 19

இணைப்பு: பாகப்பிரிவினைப் பத்திரத்தின் நான்காம் பக்கம், நகல் ஒன்று.