அணைந்த கணினி தேறிய வாரம்

ஜூன் 9, திங்கள்

நேர்காணல் முடிந்தது. முனைவர் பட்ட இடம் ஃபிஜியிலிருந்து விண்ணப்பித்த லிட்டியாவுக்கு. நௌசோரியில் பதினான்கு வருடமாகக் கணக்கு டீச்சர். குவாண்டம் கணினி தருகிற விடை சரியா, அது உண்மையிலேயே வேலை செய்கிறதா என்று வெளியிலிருந்து சோதிப்பதுதான் எங்கள் ஆய்வு என்றால் பலர் மிரளுவார்கள். இவர் மிரளவில்லை. விளம்பரத்தில் போட்டிருந்த என் சோதனை மதிப்பெண் வரைபடத்தைக் காட்டி, "ஏழு வாரமும் தொண்ணூத்தாறா? ஒரு தடவகூட குறையலையா?" என்று கேட்டார்.

என் பேராசிரியர் அலிஸ்டர் சிரித்தார். "நெரிடா வெச்ச சோதனை அப்படி. மெஷினும் அப்படி." எனக்குப் பெருமை தாங்கவில்லை.

வெள்ளிக்குள் பள்ளியில் ராஜினாமா கொடுத்துவிட்டு, ஆகஸ்டில் பிரிஸ்பேன் வந்துவிடுவதாகச் சொன்னார்.

ஜூன் 10

மழை. பல்வலி. ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயத்தில் ஒரு பக்கம்.

ஜூன் 11, புதன்

நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன்.

காலை டீ நேரம். மெர்வ் வந்தார். கணினி இருக்கும் குளிர்பெட்டியைப் பார்த்துக்கொள்பவர், இந்தக் கட்டடத்தில் எங்கள் எல்லாரையும்விடப் பழையவர். கையில் ஒரு துண்டு லாமிங்டன் கேக். "என்ன டாக்டரம்மா, என் பெட்டி பாஸ் பண்ணிடுச்சாமே."

"ஏழு வாரமும் பண்ணிச்சு," என்றேன்.

"எந்த ஏழு?"

"மார்ச் கடைசிலேர்ந்து."

கேக்கைக் கீழே வைத்தார். "ஏப்ரல்ல ரெண்டு வாரம் பெட்டிய அணைச்சு, தொறந்துல்ல போட்டிருந்தேன்? பம்ப் மாத்துனோமே. உள்ள ஒண்ணுமே ஓடலம்மா. ஒரு பியர் பாட்டில வெச்சிருந்தாகூட சில்லுன்னு ஆயிருக்காது."

கிண்டல் பண்ணுகிறார் என்றுதான் நினைத்தேன். பதிவேட்டை எடுத்து வந்து காட்டினார். ஏப்ரல் 7 முதல் 21 வரை. அந்த இரண்டு வாரமும் என் சோதனை தந்த மதிப்பெண் 96. உண்மையான குவாண்டம் கணினிதான், தேறியது என்று சான்றிதழே கொடுத்திருக்கிறது.

அணைந்த பெட்டி தேறியிருக்கிறது. அப்படியானால் பதில் சொன்னது யார்?

ஜூன் 12, வியாழன்

யாரும் ஏமாற்றவில்லை. பிழை என்னுடையதுதான்.

சோதனையின் உயிரே ஒன்றுதான்: கேள்விகள் ஒவ்வொரு முறையும் புதிதாக, கணினி ஊகிக்க முடியாதபடி வர வேண்டும். விடை எனக்கு முன்பே தெரிந்த கேள்விகளையும் இடையிடையே ஒளித்து வைப்பேன். பிப்ரவரியில் என் நிரலில் ஒரு பிழை தேடினேன். தேட வசதியாக, அதே கேள்விகளே திரும்பத் திரும்ப வரும்படி ஒரு வரி எழுதினேன். பிழை கிடைத்தது. வரியை எடுக்கவில்லை. எடுக்கவே இல்லை.

நடுவில் இருக்கும் சர்வர், பார்த்த கேள்விதானே என்று, முதல் வாரத்து விடைகளையே எடுத்து நீட்டியிருக்கிறது. அந்த முதல் 96 மட்டும் நிஜம். அன்று பெட்டிக்கு ஒரு நல்ல நாள், அவ்வளவுதான்.

மூணு வருஷம். பொய் சொல்ற மெஷினப் பிடிக்கிறேன்னு மூணு வருஷம் — அணைச்சு வெச்ச மெஷினப் பிடிக்கத் தெரியலையே எனக்கு. அசையாத கோட்டைப் பாத்து ஒரு ஆளுக்காவது சந்தேகம் வர வேணாமா? வந்துச்சே. லிட்டியாவுக்கு வந்துச்சே. சிரிச்சோமே.

அலிஸ்டரிடம் சொன்னேன். வெளுத்துப்போனார். "மெஷின் கம்பெனி இந்த வரைபடத்தப் பாத்துத்தான் அந்த இடத்துக்குப் பணம் குடுக்குது. ஒரு வாரம் பொறு. முழுசா பாத்துட்டுச் சொல்லுவோம்."

"நாளைக்கு அவங்க வேலைய விடறாங்க, அலிஸ்டர்."

"தெரியும்," என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஜூன் 13, வெள்ளி

அலிஸ்டரிடம் கேட்காமல் நௌசோரிக்கு அழைத்தேன். அங்கே இடைவேளை, பின்னால் பிள்ளைகளின் கூச்சல். ஒன்று விடாமல் சொன்னேன். லிட்டியா, "ராஜினாமாவ நேத்தே குடுத்துட்டேன்," என்றார்.

நாற்காலியை இழுத்து உட்கார்ந்தேன்.

"ஒரே கேள்வித்தாள ஏழு வாரமும் குடுத்திருக்க. என் எட்டாங்கிளாஸ் பசங்க கேட்டா சிரிப்பாங்க." அவர் சிரிக்கவில்லை. "ஹெட்மாஸ்டர் என் இடத்துக்கு ஆள் போட்டுட்டாரு. நான் இப்ப என்ன பண்ணட்டும்? நீயே சொல்லு."

மன்னித்துவிடுங்கள் என்றேன்.

"அத வெச்சு நான் என்ன பண்ண," என்று வைத்துவிட்டார்.

ஜூன் 20

கம்பெனி விலகிக்கொண்டது. இரண்டு வரிக் கடிதம்.

ஜூன் 23, திங்கள்

துறையில் மிஞ்சியிருப்பது ஒரே ஒரு உதவித்தொகை. என் கடைசி வருடத்துக்காக ஒதுக்கியது. அதை லிட்டியாவுக்குக் கொடுத்துவிடுங்கள் என்றேன்.

"தியாகியாட்டம் பண்ணாத," என்றார் அலிஸ்டர்.

"தியாகமெல்லாம் இல்ல. அவங்க வேலைக்கு உலை வெச்சது நான்."

அவர் வாதாடவில்லை. வாதாடுவார் என்று உள்ளுக்குள் எதிர்பார்த்திருக்கிறேன் போலிருக்கிறது. வெளியே வந்ததும் அழுகை வந்தது. இனி முதலாண்டு மாணவர்களுக்கு வகுப்பெடுத்துக்கொண்டே எழுதி முடிக்க வேண்டும். முடியுமா என்று பயமாகத்தான் இருக்கிறது.

ஆகஸ்ட் 29, வெள்ளி

லிட்டியா வந்து மூன்று வாரம் ஆகிறது. தேவைக்கு மேல் என்னிடம் பேசுவதில்லை. இன்று அவர் எழுதிய சோதனை முதல்முறையாக ஓடியது. பெட்டி இயங்குகிறதா என்று கீழே மெர்வை நிற்க வைத்துவிட்டுத்தான் தொடங்கினார்.

63. தேற எழுபத்தைந்து வேண்டும். மறுபடி ஓட்டினோம்: 58. மறுபடி: 71. மெர்வ் மேலே வந்து எட்டிப் பார்த்து, "என் பெட்டியா ஃபெயிலு?" என்று முகம் சுண்டிப்போனார். பெட்டி தேறுகிறது என்று எழுதிய என் நான்காம் அத்தியாயம் அத்தோடு போயிற்று.

கேள்விகளைக் கொஞ்சம் காட்டுங்கள் என்று லிட்டியாவிடம் கேட்டேன்.

"உனக்கு எதுக்கு?" மடிக்கணினியைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

காட்டியிருந்தால்தான் நான் கவலைப்பட்டிருப்பேன்; யாரும் முன்கூட்டிப் பார்க்காத கேள்விகளாக இருந்தால்தானே அது சோதனை.