நாற்பத்தொன்றாம் தாள்

பிப்ரவரி 6

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கே நலம். நீயும் அண்ணியும் பெரியவளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் கேட்டிருக்கலாம். நான் கூப்பிட்டால் "எல்லாரும் நல்லா இருக்கோம்" என்று சொல்லிவிட்டுப் போனை அண்ணியிடம் கொடுத்துவிடுகிறாய். பதினோரு வருஷமாக நம் பேச்சு அந்த அளவில்தான் நிற்கிறது. அதனால் எழுதுகிறேன்.

விஷயம் இதுதான். அடுத்த மாதம் கம்பெனிக்கு இருபது வயது. அன்றைக்கே புதிய கம்ப்யூட்டர் ஆட்டமும் வெளியாகிறது. அதன் தொடக்கத்திலும் நம் கழுதைப் படம்தான் ஓடும். பழைய கோப்பு அந்தக் காலச் சின்னத் திரைக்குச் செய்தது. இன்றைய திரையில் கழுதையின் ஓரமெல்லாம் கரைந்து தெரிகிறது. பென்சில் தாள்களையே மறுபடி ஸ்கேன் செய்யலாம் என்று முடிவாகியிருக்கிறது. தொண்ணூற்றாறு தாளும் உன்னிடம்தானே இருக்கின்றன? கம்பெனியை விட்டுப் போன அன்று அந்த அட்டைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு நீ படியிறங்கியது நினைவிருக்கிறது. நான் உள்ளே கூட்டத்தில் இருந்தேன். கண்ணாடி வழியாகப் பார்த்தேன்.

இருபதாம் தேதிக்குள் கிடைத்தால் உதவியாக இருக்கும். வேலை முடிந்ததும் பத்திரமாகத் திருப்பி அனுப்புவது என் பொறுப்பு.

அண்ணியிடம் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
தங்கை


பிப்ரவரி 11

என் எலிக்குட்டிக்கு,

கம்பெனிப் பெயர் அச்சடித்த தாளில் உன் கடிதம் வந்தது. வக்கீல் நோட்டீஸ் என்று நினைத்து உன் அண்ணி என் மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்துக் கொடுத்தாள். பிரித்துப் பார்த்தால் "தங்கை" என்று கையெழுத்து. எந்தத் தங்கை? எனக்கு இருப்பது ஒரு எலி. அதுவும் நாற்பத்தொன்பது வயசு எலி.

கழுதை பத்திரமாக இருக்கிறது. அலமாரியின் மேல்தட்டில், குளிர்காலப் போர்வைக்கு அடியில். உன் கடிதம் வந்த அன்று இறக்கி, ஒவ்வொரு தாளாக எண்ணிப் பார்த்தேன். ஓரம் கொஞ்சம் மஞ்சளாகியிருக்கிறது, அவ்வளவுதான். கட்டைவிரலால் சீட்டுக்கட்டு மாதிரி விட்டுப் பார்த்தேன். இடப்பக்கமிருந்து நடந்து வருகிறது, நடுவழியில் உட்காருகிறது, எவனோ கயிற்றைப் பிடித்து இழுக்கிறான், காதை மட்டும் ஆட்டுகிறது. சிரிப்பு வந்துவிட்டது.

உன் புரோகிராம் எழுந்து வர அன்றைக்கு எட்டு விநாடி ஆகும், ஞாபகமிருக்கிறதா? அதுவரை கறுப்புத் திரையைப் பார்த்துக்கொண்டு எவன் உட்கார்ந்திருப்பான் என்று நீ அழாத குறை. "எட்டு விநாடிக்கு எதையாவது வரைஞ்சு மறைச்சுக் குடு அண்ணா" என்றாய். உன் மெதுவுக்குப் பிறந்த கழுதை அது. உடைந்த ஜன்னல் கண்ணாடியை இரண்டு நாற்காலிமேல் வைத்து, கீழே பல்பை எரியவிட்டு வரைந்தோம். நான் இப்போது பாடப்புத்தகங்களுக்குத் தவளை இதயம் வரைகிறேன். தவளை இதயத்தில் மூன்று அறை. நம் கம்பெனிக்கு அன்று ஒரே அறை.

பெரியவள் உன்னை ஏதோ இணையப் பேட்டியில் பார்த்தாளாம். ஆட்டங்களின் தொடக்கத்தில் வரும் சின்னங்களைப் பற்றியே பேசுகிற சேனலாமே? அத்தை நன்றாகப் பேசினாள் என்றாள்.

தாளை அனுப்புகிறேன். அதற்கு முன்னால் ஒன்று கேட்கிறேன். வேறு ஏதாவது சொல்ல இருக்கிறதா? இருந்தால் எழுது. எனக்கு இப்போது நேரம் இருக்கிறது.

மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

உன்,
அண்ணன்


பிப்ரவரி 15

அன்புள்ள அண்ணா,

கடிதம் கிடைத்தது. தாள்கள் பத்திரமாக இருப்பது பெரிய நிம்மதி.

அந்தப் பேட்டியெல்லாம் பெரிய விஷயமில்லை. ஒரு மணி நேரம் பேசியதை வெட்டி ஒட்டி இருபது நிமிஷமாக்கிவிட்டார்கள். நீ மெனக்கெட்டுப் பார்க்க வேண்டியதில்லை. பெரும்பாலும் நாற்பத்தொன்றாம் தாளைப் பற்றித்தான் கேட்டார்கள். யாரோ ஒரு ரசிகர் படத்தை ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்து, ஒரே ஒரு படத்தில் மட்டும் கழுதைக்கு வால் இல்லை என்று கண்டுபிடித்திருக்கிறார். அந்தப் படத்தைச் சட்டையில்கூட அச்சடித்து விற்கிறார்கள். உனக்கு வேடிக்கையாக இருக்கும்.

வேறு சொல்ல ஒன்றும் இல்லை. வேலை அதிகம். இவருக்கு முழங்கால் வலி.

கூரியர்காரர் பதினெட்டாம் தேதி காலை வருவார். தாள்களுக்கு இடையில் மெல்லிய வெள்ளைத்தாள் வைத்தால் நல்லது. சிரமத்துக்கு மன்னிக்கவும்.

அன்புடன்,
எலி


பிப்ரவரி 18

எலிக்கு,

கூரியர்காரர் வாசலில் நிற்கிறார். பெரிய பெட்டி என்று சொல்லி அனுப்பினாயாம். கையில் இவ்வளவு பெரிய சாக்குடன் வந்திருக்கிறார், பாவம். அவரிடம் ஒரே ஒரு உறை கொடுக்கிறேன்.

பேட்டியைப் பெரியவள் போன மாதமே போட்டுக் காட்டினாள். உன் முதல் கடிதம் வருவதற்கு முன்னாலேயே. "நான் வரைஞ்ச தாளெல்லாம் பத்திரமா இருக்கு, இருபதாவது வருஷ விழாவுல காட்டுறேன்" என்று சொன்னாய். நீ வரைந்ததை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். நாற்பத்தொன்று. என் தாளில் தேநீர் கொட்டிப் போனதால், நான் எழுந்திருக்க முடியாமல் கிடந்த அன்று நீயே உட்கார்ந்து வரைந்து சேர்த்தது. வாலை மறந்துவிட்டாய். டிஸ்க்கெல்லாம் அடித்து முடிந்த பிறகுதான் பார்த்தேன். உனக்குக் கஷ்டமாக இருக்கும் என்று அன்றைக்குச் சொல்லவில்லை.

நீ வரைந்ததாகச் சொன்னதில் எனக்குக் கோபம் இல்லை என்று எழுதினால் பொய். ஆனால் அதை ஒரு வாரத்தில் விழுங்கிவிட்டேன். இன்னொன்றைத்தான் விழுங்க முடியவில்லை. "நூத்திரண்டு டிகிரி காய்ச்சல், மூணு நாள், கை நடுங்க நடுங்க வரைஞ்சேன்" என்றாய். பெரியவள் என் முகத்தைப் பார்த்தாள். அவளுக்கு அந்தக் கதை சின்ன வயசிலிருந்தே தெரியும். நான் சொல்லித்தான் தெரியும்.

கழுதையை எடுத்துக்கொண்டாய், சரி. என் காய்ச்சலையுமா?

பெரியவள் "அப்பா, அப்ப நீங்க சொன்னது பொய்யா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். நம்பினாளா என்று தெரியவில்லை.

அண்ணன்


மார்ச் 22

அன்புள்ள அண்ணா,

இதற்குப் பதில் எழுத எனக்கு ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று. அந்த ஒரு மாதத்தில் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன்.

பேட்டி எடுத்த பெண்ணைக் கூப்பிட்டேன். கழுதையை வரைந்தது என் அண்ணன், காய்ச்சலும் அவனுடையது என்றேன். "அப்போ ஏன் மேடம் அப்படிச் சொன்னீங்க?" என்றாள். மரியாதையாகத்தான் கேட்டாள். வீடியோவில் அதைச் சரிசெய்யச் சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். வீடியோவின் தொடக்கத்தில் திருத்தம் போட்டுவிட்டாள். கீழே என்னென்ன எழுதியிருக்கிறார்கள் என்பதையும் படித்தேன். முழுவதும் படித்தேன்.

அவளுக்குச் சொல்ல முடியாததை உனக்குச் சொல்லப் பார்க்கிறேன். வாலில்லாத படத்தைக் காட்டி, "இத நீங்களா வரைஞ்சீங்க?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அது உண்மை. "மத்ததும் நீங்கதானா?" என்றாள். அதற்கும் ஆமாம் என்றேன். இல்லை என்றால் யார் என்று கேட்பாள். அண்ணன் என்றால் இப்போது எங்கே என்று கேட்பாள். எங்கே என்றால் ஏன் போனார் என்று வரும். உன்னை அனுப்பிய கூட்டத்தில், இனிமேல் கம்ப்யூட்டரிலேயே வரைந்துகொள்ளலாம், பென்சில்காரர் தேவையில்லை என்று கை தூக்கியவர்களில் நானும் ஒருத்தி. உனக்குத் தெரிந்திருக்கும். ஆனால் நான் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன். கண்ணாடி வழியாக உன்னைப் பார்த்தபோது என் கை அப்போதுதான் கீழே இறங்கியிருந்தது.

காய்ச்சலுக்கு இந்தச் சமாதானம்கூட இல்லை. கதை நன்றாக இருந்தது. சொல்லச் சொல்ல என்னுடையது மாதிரியே இருந்தது.

விழாவில் ஒரு தாளைத்தான் காட்டினேன். இது மட்டும் நான் வரைந்தது, மீதித் தொண்ணூற்றைந்தும் என் அண்ணன் வரைந்தவை என்றேன். தன்னடக்கம் என்று நினைத்துச் சிரித்தார்கள், ஒரு வரிசை கைகூடத் தட்டியது. அதனால் பேட்டியில் சொன்னது பொய் என்று இரண்டாம் முறை சொல்ல வேண்டியதாயிற்று. பிறகு யாரும் சிரிக்கவில்லை. மேடையிலிருந்து இறங்க நாலு படி. இறங்கி வந்தபோது முன்வரிசையில் எல்லாரும் போனை எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

புதிய ஆட்டத்தில் பழைய கழுதையே போகிறது, கரைந்த ஓரத்தோடு. கீழே உன் பெயர் வருகிறது. ஆட்டம் இப்போது ஒரு விநாடியில் எழுந்துவிடுகிறது. கழுதை நடந்து முடிக்கும்வரை காத்திருக்க யாருக்கும் பொறுமை இல்லை, பொத்தானை அமுக்கித் தாண்டிவிடுவார்கள். உன் பெயர் வரும் வரியை மட்டும் தாண்ட முடியாதபடி செய்திருக்கிறேன். அந்தப் பகுதியை எழுதியது நான். இதை நான்தான் எழுதினேன் என்று யாரிடம் வேண்டுமானாலும் சொல்லலாம்.

பெட்டியை இனிக் கேட்கமாட்டேன். அது அங்கேயே போர்வைக்கு அடியில் இருக்கட்டும். பெரியவளுக்குத் தனியாக ஒரு கடிதம் இத்துடன் வைத்திருக்கிறேன். ஒட்டவில்லை, நீ படித்துவிட்டு, சரி என்று பட்டால் கொடு. அதில் அவள் அப்பாவுக்கு எத்தனை டிகிரி காய்ச்சல் என்று மட்டும் எழுதியிருக்கிறேன்.

இன்னொரு தாளும் உள்ளே இருக்கிறது. கண்ணாடி மேஜையின் கீழே விளக்கை வைத்து, நாற்பத்தொன்றை அடியில் போட்டு, அடுத்து வரும் நாற்பத்திரண்டை வரைந்து பார்த்தேன். கழுதை காதை ஆட்டத் தொடங்கும் இடம். மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் உட்கார்ந்தேன். எனக்குக் காய்ச்சல் இல்லை, அவசரம் இல்லை, வெளிச்சம்கூட நன்றாக இருந்தது. அப்படியும் கழுதை வரவில்லை. நாய் மாதிரி இருக்கிறது, காது இரண்டும் ஒட்டவைத்தது போல நிற்கின்றன. கிழித்துப் போட நினைத்தேன், போடவில்லை.

அதன் கீழே என் பெயரை எழுதியிருக்கிறேன். வாலும் போட்டிருக்கிறேன்.

எலி