தண்டுவடத்தின் நுனி

மார்ச் 4
முப்பத்தெட்டு விடைத்தாள்கள். இருபத்தாறு பேர் தண்டுவடத்தை வால் எலும்பு வரை இழுத்து வரைந்திருக்கிறார்கள். தொண்டை கிழியக் கத்தியிருக்கிறேன்: தண்டுவடம் முதல் இடுப்பு முள்ளெலும்பு பக்கத்திலேயே முடிந்துவிடும், கீழே போவது நரம்புக் கற்றை மட்டும், எலும்பின் எண் வேறு, அதற்குள் இருக்கும் தண்டுவடத் துண்டின் எண் வேறு. நாளைக்கு நர்ஸாகி நோயாளியைத் தொடப் போகிறவர்கள் இவர்கள். தாட்சண்யமே பார்க்காமல் மதிப்பெண்ணைக் குறைத்தேன்.

மார்ச் 9
தம்பி வயரிங் வேலைக்குப் போன இடத்தில் மாடியிலிருந்து விழுந்துவிட்டான். முதல் இடுப்பு முள்ளெலும்பு நொறுங்கியிருக்கிறது.

மார்ச் 10
ஆபரேஷன் முடிந்தது.

நேற்று ஆஸ்பத்திரி வராந்தாவில் அவன் மனைவி, "அண்ணி, நீங்கதானே இதெல்லாம் பாடம் எடுக்கறீங்க, நடப்பாரா?" என்று கேட்டாள். முதல் இடுப்பு முள்ளெலும்பு என்றதும் முதல் இடுப்பு நரம்பு என்று கணக்குப் போட்டு, "கால் போச்சும்மா, மனசைத் தேத்திக்கோ" என்று சொல்லிவிட்டேன். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

இன்று டாக்டர் ஸ்கேனைக் காட்டினார். காலுக்கான துண்டுகள் அந்த எலும்புக்கு மேலேயே, அடிபடாமல் இருக்கின்றன. அடிபட்டது தண்டுவடத்தின் நுனி. எனக்கு எவ்வளவு மதிப்பெண் குறைப்பது? எந்த வாயால அவகிட்ட அப்படிச் சொன்னேன்?

மார்ச் 12
வலது கால் கட்டைவிரல் அசைகிறது. அவள் சிரித்துக்கொண்டே என் முதுகில் ஓர் அடி வைத்தாள். வாங்கிக்கொண்டேன்.

மார்ச் 15
நுனியில் இருப்பவை திரிக நரம்புகளின், அதாவது இடுப்புக்கும் கீழே போகும் நரம்புகளின் துண்டுகள். இரண்டு, மூன்று, நான்கு: சிறுநீர்ப்பை, மலக்குடல், உட்காரும் இடத்தின் தோல். டாக்டர் ஊசி முனையால் தொட்டுத் தொட்டுக் கேட்டார். எல்லாவற்றுக்கும் "தெரியல" என்றான்.

டாக்டர் போனதும், "எல்லாம் அவுட்டா?" என்று என்னைக் கேட்டான்.

"இப்போதைக்கு."

"மழுப்பாதக்கா."

மே 20
கைத்தடியோடு நடக்கிறான். "அதான் நடந்துட்டானே, அப்புறம் என்ன" என்கிறது சொந்தபந்தம். நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை அவன் மனைவி டியூப் விட்டுச் சிறுநீரை எடுப்பது யாருக்கும் தெரியாது. நர்ஸ் கற்றுக்கொடுத்தும் தானே செய்துகொள்ள மாட்டேன் என்கிறான். வெளியே எங்கும் போவதில்லை. அவளும் லீவுக்கு மேல் லீவு. வேலை தங்குமா?

ஜூன் 2
பெரிய சண்டை. "எத்தனை நாளைக்குடா அவளைக் கட்டிப் போட்டு வைப்ப?" என்று கேட்டுவிட்டேன்.

"நான் நடக்க மாட்டேன்னு சொன்னவதானே நீ" என்றான்.

பிறகு அவனே, "அவ முன்னாடி அப்படிப் படுத்துக் கிடக்க வெக்கமாத்தான் இருக்கு. ஆனா நானே செஞ்சா, இனிமே இதுதான்னு ஆயிடும்லக்கா" என்றான். அழுதான். நானும்தான்.

நரம்பு திரும்புமா என்று டாக்டராலேயே சொல்ல முடியவில்லை. நான் என்னத்தைச் சொல்ல?

ஜூன் 3
வகுப்பில் இன்று படம் வரையவில்லை. அவர்களையே படித்துக்கொள்ளச் சொல்லிவிட்டேன்.

ஆகஸ்ட் 19
கல்லூரி முடிந்து அவன் வீட்டுக்குப் போனேன். கதவு பூட்டியிருந்தது. மூன்றாவது தடவைதான் போனை எடுத்தான்.

"எங்கடா இருக்க?"

"ஃபேன் ரிப்பேர் கடையில. காயில் சுத்திட்டு இருக்கேன். காலைலேயே வந்துட்டேன்."

"அவளும் அங்கதான் இருக்காளா?"

"அவ எதுக்கு? அவ ஆபீஸ் போயிருக்கா." கொஞ்சம் நிறுத்தினான். "பன்னெண்டு மணிக்கு நானே ஒருதரம் எடுத்தாச்சு. அடுத்ததுக்கு நேரமாச்சு, வைக்கிறேன்."

வைத்துவிட்டான். கடிகாரத்தைப் பார்த்தேன். நான்காக ஐந்து நிமிடம் இருந்தது.