ஆடிய கிராங்க்

சிங்கப்பூர்
12.8.2005

அன்புள்ள இசைவாணிக்கு,

கதிரவன் எழுதுவது. நான் நலம். நீயும் அத்தையும் நலந்தானே? நாரணாபுரத்தில் மழை உண்டா?

நேற்று எங்கள் சைக்கிள் கடைக்கு ஒரு சீனர் ஒற்றைச் சக்கர சைக்கிளோடு வந்தார். கைப்பிடியும் இல்லை, செயினும் இல்லை. இதில் ஏறித்தான் குன்றுப் பாதையில் கல்லையும் வேரையும் தாண்டி இறங்குவாராம். கூட வேலை பார்க்கும் ஆமத்தூர் மணிகண்டராஜ், "ஏலே, மீதி சைக்கிள் எங்கலே?" என்றான்.

பெடலைத் தாங்கும் கிராங்க் ஆடியது. போல்ட்டை முறுக்கினேன், கொஞ்சம் சுற்றியதும் மறுபடி ஆடியது. கழற்றிப் பார்த்தால் அதன் துளை தேய்ந்து அகன்றிருந்தது. புதியது வரும்வரை தாங்கட்டும் என்று, குளிர்பான டின்னில் மெல்லிய தகடு வெட்டி அச்சில் சுற்றி இறுக்கினேன். அசையவே இல்லை.

ஏறிப் பார்க்கும் ஆசையை அடக்க முடியவில்லை. விழுந்தேன். உள்ளங்கையில் சிராய்ப்பு, அவ்வளவுதான். அவரோ தெருக்கோடிவரை ஓட்டிக் காட்டினார். எதைப் பிடித்து நிற்கிறார் என்று எனக்கு இன்னும் புரியவில்லை.

தீபாவளி சீசன் வேலை என்று பட்டாசு ஆலையில் மருந்து அறைப் பக்கம் போகாதே. ஞாயிற்றுக்கிழமை போனில் பேச விஷயம் தீர்ந்தாலும் உடனே வைத்துவிடாதே. நம் தெருச் சத்தத்தையாவது கேட்டுக்கொண்டிருப்பேன்.

முதலாளி கூப்பிடுகிறார்.

உன்
கதிரவன்