பத்து லட்சத்து ஒன்று

ஜூலை 8, செவ்வாய்
இன்றும் மழை. ரொட்டி சுட்டேன், பேத்தி சுலக்ஷனா தொடவில்லை. மேல் லயத்து வீடுகள் மீது மண் சரிந்து என் மகள் நாகலெட்சுமி போனதிலிருந்து இந்தப் பிள்ளை பேசுவதில்லை. பள்ளிக்கூடம் போயிருந்ததால் தப்பியவள். இப்போது என் ஒற்றையறைக் காம்பராவில் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறாள். தேத்தண்ணி மட்டும் இறங்குகிறது. பதின்மூன்று வயதுக் கையா இது, குச்சி போல?

ஜூலை 10
பேசினாள்! என்ன யோசிக்கிறாய் என்று கேட்டேன். "பத்து லட்சத்து ஒண்ணு" என்றாள். தாயும் மகளும் பெரிய எண்ணாகப் பிடித்து, எதால் மீதியில்லாமல் வகுபடும் என்று தேடி விளையாடுவார்களாம். இதைப் பாதியில் விட்டுவிட்டு நாகு போய்விட்டாள்.

"எதாலயும் வகுபடல, அம்மாயி. அது தனி. என்னைய மாதிரி."

தனியா? அப்ப நான் யாருடி?

ஜூலை 11
அஞ்சாம் வகுப்போடு என்னை நிறுத்திவிட்டார்கள். ஆனாலும் வகுத்தலில் என்னை மிஞ்ச அந்தத் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஆள் இல்லை. கரித்துண்டை எடுத்துச் சுவரில் கணக்குப் போட்டேன். மூன்றில் மீதி இரண்டு. ஏழில் இரண்டு. பதினொன்று, பதின்மூன்று — அதே இரண்டு. பிசாசு எண்.

பக்கத்துக் காம்பரா வீரம்மா எட்டிப் பார்த்தாள். "என்னாக்கா, இந்த வயசுல சோதனை எழுதப் போறீங்களா?"

"ஆமா, நீ வந்து காவலுக்கு நில்லு."

சிரித்துவிட்டுப் போனாள். அவள் போகும்வரை அழாமல் இருந்தேன்.

ஜூலை 15
பதினேழில் பத்து மீதி. பத்தொன்பதில் பன்னிரண்டு. முப்பத்தேழில் மறுபடி அந்த இரண்டு. நானும் அவளும் மீந்துபோய் உட்கார்ந்திருப்பது போல.

ஜூலை 18
எழுந்தவள் கிறுகிறுத்து விழுந்தாள். ஹட்டன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகணும். சாமீ, இதையும் எடுத்துக்கிட்டா நான் என்னா செய்வேன்?

ஜூலை 21
சேலைன் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். சாப்பிட வைக்கணுமாம். எப்படி என்று ஒருவரும் சொல்லவில்லை.

ஜூலை 24
நூறு. மீதி ஒன்று. கரியை வீசி எறிந்தேன். "நூறு வரைக்கும் பாத்தாச்சுடி. ஒன் அம்மாயிக்கு ஏலாது." இந்த வாயால் இப்படி நான் யாரிடமும் சொன்னதில்லை.

முதுகுக்குப் பின்னால் குரல். "கலியாண வீட்டு மொய்யே நூறோட நிறுத்த மாட்டீங்களே, அம்மாயி. ஒண்ணு சேத்துத்தானே வைப்பீங்க?"

நூற்றியொன்று! அடுப்பிலிருந்து வேறொரு கரியை எடுத்து வகுத்தேன். விடையில் 991 என்று போட்டுவிட்டேன்.

"நடுவுல ஒரு சைபர் வரணும்." எழுந்து வந்து, நான் எறிந்த கரியைத் தேடி எடுத்து, அவளே போட்டாள். 9901. மீதி இல்லை.

"அம்மாகிட்ட சொல்லணும்" என்றாள். பிறகுதான் அழுதாள். செத்த வீட்டில்கூட அழாதவள்.

ஜூலை 25
வீணாகிறதே என்று ஒரே ஒரு ரொட்டிதான் சுட்டிருந்தேன். சுலக்ஷனா அதைப் பிய்த்து, பாதியை என் தட்டில் வைத்தாள்.

இரண்டு பேருக்கு இது காணாது. எழுந்து மறுபடி மாவு பிசைந்தேன்.