ஃபென்னா நீந்திய சனிக்கிழமை

மார்ச் 4, புதன்
டேவென்டர் நகரில் விடாத மழை. மகள் ஃபென்னாவை நீச்சல் வகுப்புக்கு சைக்கிளில் கூட்டிப்போனேன். பார்வையாளர் மாடத்தில் உட்கார்ந்து பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டுத் தூங்கிப்போயிருக்கிறேன். ஈரத் தலையோடு வந்து தோளைத் தட்டினாள். "வாயைத் திறந்துகிட்டுத் தூங்கினேப்பா. எல்லாரும் பாத்தாங்க." ஏழு வயதுப் பிள்ளைக்கு என்னால் தலைகுனிவு. பதற்றத்துக்கு விழுங்குகிற மாத்திரை, பதற்றத்தோடு ஆளையும் சேர்த்து அமுக்கிவிடுகிறது.

மார்ச் 6
டாக்டரிடம் நானே கேட்டேன், நிறுத்த வேண்டும் என்று. மருந்துக்கடையில் ஒரு நீளச் சுருளைத் தந்தார்கள். வரிசையாகக் கோத்த சின்னச் சின்னப் பொட்டலங்கள். நாளுக்கு ஒன்று கிழிக்க வேண்டும். போகப்போக உள்ளே மருந்து இம்மி இம்மியாகக் குறையும். நடுவில் தாண்டக் கூடாது என்று டாக்டர் இரண்டு முறை சொன்னார். தலையாட்டினேன். தலையாட்டுவதில் நான் கெட்டிக்காரன்.

மார்ச் 19
சூப்பர் மார்க்கெட் வரிசையில் பதற்றம் வந்துவிட்டது. நெஞ்சு அடித்துக்கொண்டது, விரல் நுனி மரத்தது, செத்தோம் என்றே நினைத்தேன். தரையைப் பார்த்தபடி நின்றேன். தானாகப் போயிற்று. காசு கொடுத்துப் பாலாடைக்கட்டியோடு வந்தேன். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

மார்ச் 28
ஃபென்னாவின் முதல் நீச்சல் தேர்வு ஏப்ரல் 18 என்று அவள் அம்மா ஹெலேன் சொன்னாள். பிரிந்த பிறகும் இதையெல்லாம் மறக்காமல் சொல்லிவிடுவாள். உடுப்போடும் ஷூவோடும் நீந்த வேண்டும். தண்ணீருக்குள் தொங்கும் படுதாவின் ஓட்டை வழியே முங்கி வெளிவர வேண்டும். தெருவுக்கொரு வாய்க்கால் ஓடும் நாட்டில் எந்தப் பிள்ளையும் இதிலிருந்து தப்ப முடியாது. "ஓட்டையிலேருந்து வந்ததும் உன்னைத்தான் பாப்பேன். தூங்கிடாதேப்பா" என்றாள் ஃபென்னா.

சுருளை விரித்துப் பார்த்தேன். 18-ஆம் தேதியைத் தாண்டியும் நீள்கிறது.

ஏப்ரல் 2
நடுவிலிருந்து சில நாள் பொட்டலங்களைக் கிழித்து அலமாரியில் போட்டேன். யாருக்குத் தெரியப்போகிறது?

ஏப்ரல் 11
தூக்கமில்லை. கை நடுக்கம். நான் வேலை பார்க்கும் சைக்கிள் கடையில் ஒரு சங்கிலியைக்கூடக் கோக்க முடியவில்லை. டாக்டரைக் கூப்பிடலாமா? திரும்ப அளவை ஏற்றுவார், தேர்வன்றும் தூங்கி வழிவேன். ஒரு வாரம்தானே. பல்லைக் கடித்துக்கொள்வோம்.

ஏப்ரல் 18
அய்யோ, என்ன செஞ்சு வச்சேன் நான்.

ஏப்ரல் 20
எழுதித் தொலைக்கிறேன்.

நீச்சல் கூடத்தில் வெக்கை, குளோரின் நெடி. மாடம் நிறைய பெற்றோர்கள். நடு வரிசையில் ஹெலேன் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஃபென்னா கையாட்டினாள், மூச்சை இழுத்தாள், முங்கினாள். அவள் மூச்சை அடக்கினாள், எனக்கு அடைத்தது. சூப்பர் மார்க்கெட்ல வந்த மாதிரி இல்ல இது — கண்ணே இருட்டிப்போச்சு — நிக்க முடியல. முழங்கால்களையெல்லாம் இடித்துத் தள்ளிக்கொண்டு வெளியே ஓடினேன். சைக்கிள்களுக்கு நடுவே தரையில் கிடந்தேன்.

எல்லாம் முடிந்தபின் ஹெலேன் தேடி வந்தாள். திட்டவில்லை.

"தலையைத் தூக்கினதும் உன்னைத்தான் தேடினா, கெர்பென். பாஸ் பண்ணிட்டேன்னுகூட அவளுக்கு உறைக்கல."

பொட்டலங்களைத் தாண்டியதைச் சொன்னேன்.

"யாரு உன்னை அவசரப்படச் சொன்னா? நீ தூங்கி வழிஞ்சிருந்தாலும் அங்கதானே இருந்திருப்பே."



ஏப்ரல் 22, புதன்
டாக்டரும் திட்டவில்லை. அளவைக் கொஞ்சம் ஏற்றி, முன்னைவிட மெதுவாக இறங்கும் புதுச் சுருள் தந்திருக்கிறார். ஃபென்னாவிடம் மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லப்பா" என்றாள், அக்கம்பக்கத்தாரிடம் பெரியவர்கள் சொல்வதுபோல. அழுது சண்டை போட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

ஜூலை 15
பஸ்ஸில் பதற்றம் வந்தது. இறங்காமல் உட்கார்ந்திருந்தேன். பொட்டலம் எதையும் தாண்டவில்லை.

செப்டம்பர் 26, சனி
இரண்டாவது தேர்வு. இன்னும் மாத்திரையில்தான் இருக்கிறேன், முன்பு போட்டதில் கால்வாசி. கதவோரமாக உட்கார்ந்தேன். அவள் முங்கும்போது சரியாக அந்தப் பதற்றம் வந்தது. நெஞ்சு தன் பாட்டுக்கு அடிக்கட்டும் என்று பெஞ்சைப் பிடித்துக்கொண்டேன். ஓடவில்லை. படுதாவைத் தாண்டி ஃபென்னா தலையைத் தூக்கினாள், கண்ணைத் துடைத்தாள். நான் எழுந்தே நின்றுவிட்டேன்.

மாடத்தை அவள் பார்க்கவே இல்லை. நேரே கரையைப் பார்த்து நீந்திப் போனாள்.